கூடங்குளத்தின் மூன்றில் இரண்டு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூடங்குளம் அணுஉலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி கடலுக்குப் போகிறது, இது நிர்வாகக் கோளாறு என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கணக்கு சரிதான். உலை ஒன்றின் வெப்பம் 3,000 மெகாவாட், மின்சாரம் 1,000 மெகாவாட். ஆனால் கோளாறு என்பதை ஏற்க முடியவில்லை. அனல்மின் நிலையத்தில், நீராவி சுழற்றும் இயந்திரமான டர்பைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

எங்கள் 210 மெகாவாட் யூனிட்டில் நீராவி 535 டிகிரிக்கு மேல் டர்பைனுக்குள் நுழையும். கூடங்குளத்தில் சுமார் 275 டிகிரிதான். உலைக்குள் சுற்றும் தண்ணீர் கொதிக்கக் கூடாது. அதனால் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ அழுத்தத்தில் அடக்கி, 320 டிகிரி அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சூடு, நீராவி உண்டாக்கும் ஸ்டீம் ஜெனரேட்டரில் இன்னொரு தண்ணீருக்குக் கைமாறும்போது மேலும் இறங்கிவிடுகிறது. கிடைக்கும் நீராவியும் எங்களுடையதுபோல் உலர்ந்தது அல்ல. உயர் அழுத்த டர்பைனைத் தாண்டுவதற்குள் துளிதுளியாக நீர் கோத்துவிடும். அப்படியே விட்டால் கடைசி வரிசை பிளேடுகளை அரித்துத் தின்றுவிடும். ஆகவே நடுவில் துளிகளைப் பிரித்து, மறுபடி சூடேற்றித்தான் அடுத்த டர்பைன்களுக்கு அனுப்புகிறார்கள்.

நீராவியை 275 டிகிரியில் வாங்கி, அதைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டன்சரில் 40 டிகிரியில் விடும் இயந்திரம், உராய்வே இல்லாவிட்டாலும், வெப்பத்தில் 43 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்க முடியாது. பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ வகுத்த எல்லை அது. எந்த நிர்வாகம் வந்தாலும் மாறாது. அதில் 33 எடுப்பது மோசமில்லை. கல்பாக்கம் ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணுஉலை) தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம் ஓடுவதால் நீராவி 490 டிகிரிக்குப் போகிறது. அங்கே 1,250 மெகாவாட் வெப்பத்துக்கு 500 மெகாவாட் மின்சாரம், அதாவது 40 சதவீதம் என்பது வடிவமைப்பு. நம் கடல் ரஷ்ய ஏரிகளைப்போல் குளிர்ந்ததும் அல்ல. சித்திரை வெயிலில் கடல்நீர் சூடேறினால் கண்டன்சரில் வேக்கம் (வெற்றிடம்) இறங்கும், கூடவே லோடும் (மின் உற்பத்தியும்) இறங்கும். ஷிப்டில் நின்ற எவருக்கும் இது தெரியும்.

வாசகர் கேட்டிருக்க வேண்டியது கடலைப் பற்றி. கடலோர நிலையங்கள் வெளியேற்றும் நீர், கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. 2,000 மெகாவாட் வெப்பத்தை அந்த வரம்புக்குள் கழிக்க, ஓர் உலைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 2,500 கனஅடி கடல்நீர் வேண்டும். ஆறு உலைகளும் ஓடத் தொடங்கினால் 15,000 கனஅடி! அத்தனையும் இடிந்தகரை மீனவர்கள் வலை வீசும் கடலுக்கே திரும்பும்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழ்கள் தினமும் வெளியிடுகின்றன. கூடங்குளத்தில் உள்ளே எடுக்கும் நீர், வெளியே விடும் நீர் இரண்டின் வெப்பநிலையையும் நிலையத்திடம் கேட்டு வாங்கி, அதேபோல் தினமும் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அனல்மின் பொறியாளர்,
தூத்துக்குடி.