திரவமும் வாயுவும் வெப்பத்தைக் கடத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மாணவர் பக்கத்தில், "திண்மங்கள் வெப்பத்தை நன்கு கடத்தும், திரவங்களும் வாயுக்களும் கடத்தமாட்டா" என்று ஒரு வரி. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் என் பேத்தி அதன்கீழ் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். பிழை என்றேன். "பேப்பரிலயே கிடக்கு, அம்மப்பா" என்றாள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனின் சொல் உங்கள் ஒரு வரிக்கு முன்னால் எடுபடவில்லை. மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. கூழ்ப்பானைக்குள் விட்ட சிரட்டை அகப்பையின் காம்பு கையைச் சுடாது. சில்வர்க் கரண்டி சுடும். இரண்டும் திண்மம்தானே? உலோகத்தில் கட்டில்லாமல் திரியும் இலத்திரன்கள் வெப்பத்தை விரைவாகக் கொண்டுபோகின்றன. மரத்தில் அவை இல்லை. துணிக்கைகளின் அதிர்வு மட்டுமே ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்று காட்டும் எண் வெப்பக் கடத்தாறு. சர்வதேச அலகில் அது செம்புக்கு ஏறத்தாழ 400, இரசம் (பாதரசம்) 8, தண்ணீர் 0.6, காற்று 0.026. இரசம் திரவமல்லவா? அதே தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் நாலு மடங்கு அளவு கூடுதலாகக் கடத்தும். காற்றில் மூலக்கூறுகள் தூரத் தூர நிற்பதால் மோதிக் கைமாற்றுவது குறைவு. குறைவுதான், இல்லையென்று இல்லை.

1990களில், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். ஆய்வுகூடத்தில் ஒன்றும் இல்லை. ஜாம்போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் போட்டுச் செய்த விளக்கில் கொதிகுழாயைச் சரித்துப் பிடித்து, தண்ணீரின் மேல்பக்கத்தை மட்டும் சூடாக்கினோம். குழாய் புகைக்கரி பிடித்துக் கறுத்துப்போனது. மேலே தண்ணீர் கொப்பளிக்கிறது. அடியைப் பிடித்திருந்த பெடியன் விரலை எடுக்கவில்லை. சூடான நீர் மேலேயே நின்றுவிடுவதால் மேற்காவுகைக்கு, அதாவது நீரே நகர்ந்து வெப்பத்தைக் காவிச்செல்வதற்கு, இடமில்லை. அப்புறம் வெகுநேரம் கழித்து, "சேர், இப்ப லேசாச் சுடுது" என்றான். கண்ணாடி வழியே கொஞ்சம், தண்ணீர் வழியே கொஞ்சம் வந்த சூடு அது. அந்தக் கொஞ்சத்தைத்தான் உங்கள் வரி இல்லையென்று சொல்லிவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. மண்பானை "குளிரைக் கடத்துவதால்" தண்ணீர் குளிர்கிறது என்று முன்பொருமுறை வந்தது. பானையின் வெளிப்பக்கத்தில் கசியும் நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப்போவதால் குளிர்கிறது என்று இரண்டு கடிதம் போட்டேன். பதிலே இல்லை. மரண அறிவித்தலில் ஒரு எழுத்துப் பிழைத்தால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள், போடவும் வேண்டும். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரிக்கு அந்த மரியாதை ஏன் இல்லை? இப்போதெல்லாம் வாழ்த்து விளம்பரம் கூடினால் முதலில் போவதும் மாணவர் பக்கம்தான்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "திரவங்களும் வாயுக்களும் பொதுவாக வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும், இரசம் போன்ற திரவ உலோகங்கள் விலக்கு" என்று போட்டுவிடுங்கள். பேத்தியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கொக்குவில்.