மூன்று புள்ளி

மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து
25.5.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். இந்தக் கடிதம் சேரும்போது அங்கே கத்திரி வெயில் முடிந்து கொஞ்சம் காற்று வர ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டபின்தான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லுங்கள்.

12ஆம் தேதி போன் பண்ணியபோது என் குரல் சரியில்லை என்று அம்மா கவலைப்பட்டாள். வேலையில் ஏதாவது பிரச்சினையா, யாராவது எதாவது சொன்னார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படி எதுவும் இல்லை. அதற்கு முந்தின நாள் இந்த ஊர்க் கால்பந்து டீம், இங்கிலாந்தின் முதல் படியான பிரீமியர் லீகிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கிவிட்டது. அதற்காக அழுதேன். காசு ஓடிக்கொண்டிருக்கும் போனில் இதைச் சொன்னால் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. உங்களுக்குப் புரியும். அதனால் இந்தக் கடிதம் முழுக்கக் கால்பந்துதான்.

நான் இந்த ஊருக்கு வந்தது போன ஆகஸ்ட் முதல் வாரம். வந்து பத்து நாளில், 17ஆம் தேதி, ஊரே சிவப்புச் சட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போனது. ஏதோ திருவிழா போலிருக்கிறது என்று நினைத்தேன். சீசனின் முதல் ஆட்டம், லிவர்பூலோடு. அதற்கு முந்தின மே மாதம்தான் யுவென்டஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. அந்த டீமிலிருந்து ரவனெல்லி என்ற இத்தாலிக்காரரை 70 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கி வந்திருந்தார்கள். வயது முப்பதுக்குள்தான், ஆனால் தலைமுடி முழுக்க வெள்ளை. முதல் ஆட்டத்திலேயே 3 கோல் போட்டார். ஆட்டம் 3-3. கோல் போட்டதும் சட்டையைத் தூக்கித் தலைமேல் மூடிக்கொண்டு கண் தெரியாமல் ஓடுவார். மறுநாள் என் தெருவில் சின்னப் பையன்கள் எல்லாரும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊரை உங்களுக்குப் பிடிக்கும் அப்பா. இரும்பால் பிழைத்த ஊர். சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியது இந்த ஊர் டார்மன் லாங் கம்பெனிதான். டீஸ் ஆற்றின்மேல் 1911இல் கட்டிய ஒரு பாலம் இருக்கிறது. அதில் நாம் நடந்து போக முடியாது. மேலே உயரத்தில் இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பியில் தொங்கும் ஒரு தளம், அதில் கார்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். முதல் தடவை ஏறியபோது உங்களைத்தான் நினைத்தேன். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் வெல்டிங் செய்த கண் அந்த இணைப்புகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும்! இப்போது வேலை நிறையப் போய்விட்டது. என் வார்டுக்கு வரும் பெரியவர்களில் பலர் உருக்காலையிலோ ஐ.சி.ஐ. ரசாயன ஆலையிலோ வேலை பார்த்தவர்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போதே தெரிந்துவிடும்.

1966 உலகக் கோப்பையில் வட கொரியா இத்தாலியை 1-0 என்று தோற்கடித்ததைச் சொல்வீர்களே, அது நடந்தது இந்த ஊர் மைதானத்தில்தான். ஏர்சம் பார்க். அந்தக் கொரியர்களை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் டீமாகவே எடுத்துக்கொண்டார்களாம். 1986இல் கிளப் கடனில் மூழ்கி, அந்த மைதானத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அப்போது கிளப்பைக் காப்பாற்றியவர்களில் ஒருவரான ஸ்டீவ் கிப்சன் என்ற உள்ளூர்க்காரர் இன்று தலைவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையில் ரிவர்சைட் என்று புது மைதானம் கட்டினார்கள். 30,000 பேர் உட்காரலாம். பழைய பூட்டிய கதவைக் கொண்டுவந்து புது மைதானத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

எனக்கு இந்த டீம்மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஜூனினியோ. பிரேசிலில் சாவோ பாலோவிலிருந்து வந்தவர். ஆள் உயரம் கிட்டத்தட்ட நம் தம்பி உயரம், உடம்பு அவனைவிட ஒல்லி. முதல் தடவை பார்த்தபோது இந்தக் குளிரிலும் இந்தக் கூட்டத்திலும் இந்த ஆளை உடைத்துவிடுவார்களே என்று பயமாக இருந்தது. மார்ச் 5ஆம் தேதி எங்கள் வார்டு சிஸ்டர் தன் கணவருக்கு இரவு ஷிஃப்ட் என்று அவருடைய டிக்கெட்டை எனக்குக் கொடுத்துக் கூட்டிப் போனார். டெர்பியோடு ஆட்டம், நாங்கள் 6-1. கடல் காற்று எலும்புக்குள் போகிறது, விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சின்ன ஆள் பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வருகிறார். இடித்துத் தள்ளுகிறார்கள், விழுகிறார், உடனே எழுந்து பந்தைக் கேட்கிறார். எனக்கு முன்னால் இருந்த தாத்தா ஒருவர் ஒவ்வொரு தடவையும் தன் பேரன் விழுந்த மாதிரி எழுந்து நின்றார். ஜூனினியோ அப்பா அம்மாவைக் கூடவே கூட்டி வந்து, பக்கத்தில் இங்கிள்பி பார்விக்கில் குடியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பையன்கள் கதவைத் தட்டினால் தெருவில் இறங்கி விளையாடுவாராம். வெயில் ஊரிலிருந்து வந்து இங்கே டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டுவதைப் பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும் அப்பா.

சரி, டிசம்பர். விஷயமே அங்கேதான்.

21ஆம் தேதி பிளாக்பர்னில் ஆட்டம். காய்ச்சலும் காயமுமாக 23 பேர் ஆட முடியாத நிலையில் இருக்கிறார்கள், வர இயலாது என்று முந்தின நாள் கிளப் சொல்லிவிட்டது. போகவில்லை. ஜனவரி 14ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 3 புள்ளி வெட்டு, 50,000 பவுண்டு அபராதம். அந்த ஆட்டத்தையும் பிறகு ஆட வேண்டும்.

அந்த மாதம் எங்கள் வார்டிலும் காய்ச்சல்காரர்கள் நிறைய. 39 டிகிரி சுரத்தில் ஒருவர் ஓடினால் இதயத்துக்கு என்ன ஆகலாம் என்று படித்தவள் நான். டாக்டராகக் கேட்டால் போகாதது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் ஷாப் டீமில் ரைட் பேக் ஆடிய கதை எனக்கு மனப்பாடம். அரக்கோணத்துக்கு ஒன்பது பேரோடு போய், அதில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை தெளிந்தும் தெளியாமலும், ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பினீர்களே. "ஆள் குறைந்தாலும் போய் நிற்கணும், எதிராளி காத்துக்கிட்டிருப்பான்" என்று சொல்வீர்கள். ஜனவரியிலிருந்து இந்த இரண்டும் எனக்குள் சண்டை போடுகின்றன. சின்னப் பையன்களையாவது அனுப்பித் தோற்றிருந்தால் அந்த 3 புள்ளி போயிருக்காது.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். லீகில் கடைசி இடத்தில் இருந்த டீம், லீகுக்கு வெளியே தனியாக நடக்கும் இரண்டு கோப்பைகளிலும் போய்க்கொண்டே இருந்தது. லீக் கோப்பையில் நவம்பரிலேயே நியூகாசிலைத் தோற்கடித்திருந்தார்கள், லிவர்பூலைத் தோற்கடித்தார்கள். எஃப்.ஏ. கோப்பையில் ஹெட்னஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊர் டீமிடம் திணறி 3-2 என்று தப்பித்தார்கள். கிளப் ஆரம்பித்து 121 வருஷம், பெரிய கோப்பை எதிலும் இறுதி ஆட்டத்தையே கண்டதில்லை. இந்த ஒரு வருஷத்தில் இரண்டு.

ஏப்ரல் 6, வெம்ப்ளியில் லெஸ்டரோடு லீக் கோப்பை இறுதி. கூடுதல் நேரத்தில் ரவனெல்லி கோல். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஹெஸ்கி என்ற இளைஞர் சமன் செய்துவிட்டார். பத்து நாள் கழித்து ஷெஃபீல்டில் மறு ஆட்டம், மறுபடியும் கூடுதல் நேரம், 0-1. அதற்கு நடுவிலேயே 13ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. செஸ்டர்ஃபீல்ட் என்ற மூன்றாம் படி டீம். எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 2-0 என்று பின்தங்கி, எழுந்து வந்து, கடைசியில் 3-3. அந்த ஆட்டத்தில் செஸ்டர்ஃபீல்ட் அடித்த ஒரு பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. டி.வி.யில் பார்த்தேன், அது கோல்தான். எங்களுக்கு 3 புள்ளி அநியாயமாகப் போயிற்று என்று ஊரே சொல்கிறது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செஸ்டர்ஃபீல்ட்காரர்கள் ஞாபகம் வருகிறது. மறு ஆட்டத்தில் நாங்கள் 3-0.

கோப்பை ஆட்டங்கள் மட்டும் 16. அவை லீக் ஆட்டங்களைத் தள்ளித் தள்ளி, மே மாதத்தில் 9 நாளில் 4 ஆட்டம் என்று கொண்டுவந்து நிறுத்தின. 3ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவை 3-2 ஜெயித்தார்கள். 5ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் 3-1 முன்னணியில் இருந்து 3-3. 8ஆம் தேதி அந்த பிளாக்பர்ன் ஆட்டம், 0-0. 11ஆம் தேதி லீட்ஸ். கீழே இறங்காமல் இருக்க ஜெயித்தே ஆக வேண்டும்.

எனக்கு அன்று டியூட்டி. ஓரத்துப் படுக்கையில் உருக்காலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காதில் ரேடியோ. அவர் முகத்தைப் பார்த்தே ஸ்கோர் தெரிந்துகொண்டேன். லீட்ஸ் கோல் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். ஜூனினியோ சமன் செய்தபோது என் கையைப் பிடித்தார், நாடி வேகமாக ஓடியது. இன்னொரு கோல் வரவில்லை. அங்கே டாட்டனம் மைதானத்தில், எங்களைப் போலவே கீழே இறங்காமல் தப்பிக்கப் போராடிய கவென்ட்ரியின் ஆட்டம் போக்குவரத்து நெரிசலால் கால்மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. அவர்கள் 2-1 என்று ஜெயித்து 41 புள்ளி எடுத்தார்கள். நாங்கள் 39. அந்த மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

பெரியவர் ரேடியோவைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இவ்வளவுதான் லவ்" என்றார் (இங்கே பெரியவர்கள் அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்). இரவு டி.வி.யில் ஜூனினியோ மைதானத்தில் அழுதுகொண்டிருப்பதைக் காட்டினார்கள். யாரோ தட்டிக் கொடுத்துத் தேற்றினார்கள். அப்போதுதான் எனக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையே வெம்ப்ளியில் செல்சியோடு எஃப்.ஏ. கோப்பை இறுதி. கீழே இறங்கி ஆறு நாள்தான் ஆகிறது, யார் போவார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் விடியற்காலையில் பஸ் ஏறிப் போனார். தெருவிலிருந்து தெருவாக ஆட்கள் வந்து ஏறினார்களாம், ஒரு இருக்கை காலி இல்லை. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, செல்சியின் டி மாத்தேயோ தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்துவிட்டார். ரவனெல்லி காயத்தோடு சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். எங்கள் ஃபெஸ்டா போட்ட கோலை ஆஃப்சைட் என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 0-2. தொண்டை கட்டிப் போய்த் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார் சிஸ்டர். கடைசிவரை பாடினோம் என்று தாளில் எழுதிக் காட்டினார். அடுத்த சீசன் டிக்கெட்டுக்கும் பணம் கட்டப் போகிறாராம். ஜூனினியோ போய்விடுவார் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். நானும் ஒரு டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி பீஸுக்கு வழக்கம்போல் 1ஆம் தேதி அனுப்பிவிடுவேன், அதில் குறையாது.

அந்தப் பெரியவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது பரவாயில்லை.

ஜூலையில் இங்கிருந்து ஒரு டாக்டர் அண்ணாநகர் வருகிறார். அவரிடம் உங்களுக்கு ஒரு சிவப்பு மஃப்ளர் கொடுத்து விடுகிறேன். மார்கழியில் காலை நடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுதும்போது அந்த டிசம்பர் விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள் அப்பா. 23 பேருக்கு முடியவில்லை என்றால், நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா?

உங்கள் அன்பு மகள்