வெளிநாடு செல்வோருக்குப் பழகவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைவாய்ப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்துவருகிறேன். எந்த நாட்டில் எந்தப் பணி, எவ்வளவு சம்பளம், எந்த மொழித்தேர்வு என்பனவெல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கின்றன. போய் இறங்கிய மறுநாள் முதல் யாரோடு பேசுவது, யாரைக் கேட்டு வீடு பிடிப்பது, முதல் வேலை சரிப்படாவிட்டால் அடுத்ததை யார் மூலம் தெரிந்துகொள்வது என்பது பற்றி மட்டும் ஒரு வரியும் காணோம். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை இதில் அடிபட்டிருப்பதால் எழுதத் துணிகிறேன்.

இலங்கையும் இந்தியாவும் 1964 அக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரில் நாங்களும் அடக்கம். 1972இல், எனக்கு 11 வயதானபோது, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தோம். ஆவணங்களில் அதற்குத் தாயகம் திரும்புதல் என்று பெயர். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த என் தந்தைக்கோ இது முன்பின் பார்த்திராத நாடு. தொழில் தொடங்கக் கடன் கொடுத்து அவரைச் சமவெளி மாவட்டம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பதும் செடியைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்குவதும் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் மளிகைக் கடை நடத்தினால் என்ன ஆகும்? பத்து மாதத்தில் கடை படுத்துவிட்டது. மண்டபத்தில் பதிவு வரிசையில் நின்றபோது பழக்கமான ஒருவர் கோத்தகிரியிலிருந்து போட்ட அஞ்சலட்டைதான் எங்களை மலையேற்றியது. தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் அரசு தொடங்கி, பின்னாளில் டான்டீ என்று பெயர்பெற்ற தேயிலைத் திட்டம் ஒன்று நீலகிரியில் இருக்கிறது என்பதையே அந்த அட்டை வந்த பிறகுதான் தந்தை அறிந்தார். அலுவலகம் சொல்லாததை வரிசையில் நின்ற சிநேகிதர் சொன்னார்.

வேலை கிடைத்ததும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. பேசியது ஒரே தமிழ்தான் என்றாலும், கடையில் நாங்கள் 'பாண்' கேட்டபோது கடைக்காரர் விழித்தார். ரொட்டியைத்தான் கேட்கிறோம் என்று புரிந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பலர் கடைசிவரை தங்களுக்குள்ளேயே புழங்கினார்கள். என் தந்தை அப்படி இருக்கவில்லை. பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் ஊரைச் சேர்ந்த, நீலகிரியின் படகர் சமூகத்தவர் ஒருவரின் சிறு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிறுதோறும் கூலி பேசாமல் கவ்வாத்து வெட்டிக் கொடுத்தார். 'ஓசி உழைப்பு' என்று லைனில் கேலி பேசினார்கள். என் அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இடம் இருப்பதை முதலில் வந்து சொன்னவர் அந்தத் தோட்டக்காரர்தான்.

என் மகள் மூன்று ஆண்டுகளாக ஜெர்மனியில் செவிலியராக இருக்கிறாள். பி2 எனப்படும் மேல்நடுத்தர நிலை வரை ஜெர்மன் மொழி படித்துத் தேர்வெழுதியே போனாள். போன பிறகு, நம் ஊர்ப் படிப்புக்கு அந்நாட்டு அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவிச் செவிலியராகத்தான் வேலை பார்க்க முடிந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது தேநீர் இடைவேளை. நோயாளியிடம் பேசும் மொழியைத்தான் வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உடன் பணிபுரிவோர் தம் வட்டார வழக்கில் வேகமாகப் பேசிச் சிரிக்கையில், எங்கே சிரிப்பது என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒரு தோழிக்கு முதல்நாளே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல, அவள் முகம் கறுத்துவிட்டது; முன்கூட்டி வாழ்த்துவது அங்கே கெட்ட சகுனம். தன் பிறந்தநாளன்று யாராவது ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்து ஏமாந்தாள். பிறந்தநாள்காரரே கேக் எடுத்துப்போய் எல்லோருக்கும் கொடுப்பதுதான் அங்கு முறை. மறு ஆண்டு எடுத்துப் போனாள். அன்றைக்குத்தான் அவர்களில் சிலர் முதன்முதலாக அவள் ஊரைப் பற்றிக் கேட்டார்களாம்.

அந்த நாட்டில் பாட்டுக்கும் பந்துக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியே சங்கம் உண்டு; பழக்கம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. மலைக்காரி என்பதால் இவள் நடைப்பயணச் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். அதில் உடன் நடந்த ஓர் அம்மையார்தான் வாடகை வீட்டுக்கு வழி சொன்னார். அங்கீகாரம் வந்தபின் பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஆள் தேவைப்படுவதையும் சொன்னார். அங்குள்ள தமிழர் கூட்டமைப்புகளை நான் குறை சொல்லவில்லை, பொங்கலுக்கு அவர்கள் இல்லாவிட்டால் அழுகைதான். ஆனால் நமக்குத் தெரியாத வேலையும் வீடும் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரிந்திருப்பதில்லை.

2024 ஜூன் முதல் ஜெர்மனி 'வாய்ப்பு அட்டை' ஒன்றை வழங்கிவருகிறது. வேலை கையில் இல்லாமலேயே போய், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேரமாக உழைத்தபடி ஓராண்டுக்குள் வேலை தேடிக்கொள்ளலாம். இதை நம்பிப் புறப்படும் நம் பிள்ளைகளுக்குத்தான் அறிமுகங்கள் மிகுதியும் தேவை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறெதுவும் கேட்கக்கூடாது என்ற விதியைச் சொல்லி எச்சரிக்கும் வகுப்புகள் நல்லவையே. அவற்றோடு, போய் வாழ்ந்தவர்களை அழைத்து இரண்டு மணி நேரம் பேசவைப்பதில் என்ன செலவு? உதகை வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ கோத்தகிரி, குன்னூர் நூலகங்களிலோ மாதம் ஒருமுறை இதை நடத்தலாம்.

இடையில் ஒன்று. இன்று நம் எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பவர்களிடம் நாம் எத்தனை பேர் பெயர் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டது போன மாதம்தான், அதுவும் மகள் தொலைபேசியில் திட்டிய பிறகு.

அவள் டிசம்பர் விடுமுறைக்கு வருகிறாள். யாராவது ஏற்பாடு செய்தால் வந்து பேசச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி.