ஓவியக் கூடங்களில் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

படத்தின் பக்கத்தில் ஒட்டும் குறிப்பில் "கசந்துபோன மணவாழ்வு" என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். வந்தவர் அதைப் படித்து, படத்தை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பிரெஞ்சு ஓவியர் தெகாவின் 'பெல்லெல்லி குடும்பம்' (1858–67) படத்தையே எடுத்துக்கொள்வோம். தெகாவின் அத்தை லாரா கறுப்பு உடையில் நிற்கிறார். ஒரு கை மூத்த மகளின் தோளில். மறு கை மேசையில் ஊன்றியிருக்கிறது. பார்வை கணவரைத் தாண்டி எங்கோ போகிறது. கணவர் ஜென்னாரோ நமக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் புதைந்திருக்கிறார். மேசைக்காலும் மெழுகுவத்தியும் அவரை மற்றவர்களிடமிருந்து வெட்டிப் பிரிக்கின்றன. நடுவில் இளைய மகள், ஒரு காலை மடக்கி, இரண்டு பக்கமும் சேராமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கறுப்பு உடை மனக்கசப்புக்கு அடையாளம் அல்ல. 1858இல் இறந்த லாராவின் தந்தைக்கான துக்க உடை. பின்சுவரில் தொங்குவதும் அவர் உருவம்தான். பார்வைகள் சந்திக்காததை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைந்து பார்த்துப் பிறகு ஒன்றுசேர்த்த படம் இது. அந்த முறையில் பார்வைகள் சிதறுவது சகஜம். மேசைக்கால் அப்படியல்ல. அதை அங்கே நிறுத்தியது ஓவியரின் முடிவு. கணவர் விலகியிருப்பதற்கு எங்களுக்கு அதுதான் வலுவான சாட்சி.

ஆகவே குறிப்பில் முதலில் உடல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, கைகள் எதைத் தொடுகின்றன, நடுவில் என்ன பொருள் நிற்கிறது என்று காட்டுங்கள். அடுத்து ஆவணத்தில் உள்ள செய்தி. உங்கள் விளக்கம் கடைசியில் வரட்டும், "இருக்கலாம்" என்ற சொல்லோடு.

முதல் வரியைக் கேள்வியாக வைத்தால் இன்னும் நல்லது. நாடுகடத்தப்பட்ட ஒருவர் திடீரென வீடு திரும்புவதைக் காட்டும், ரஷ்ய ஓவியர் ரேப்பினின் 'எதிர்பார்க்கவில்லை' படத்தைக் காட்டி, யார்புஸ் என்ற ஆய்வாளர் பார்ப்பவரின் கண்ணசைவைப் பதிவு செய்தார். படத்தில் உள்ளவர்களின் வயதைக் கேட்டால் கண் முகங்களையே சுற்றியது. உடையைக் கேட்டால் உடல் முழுக்க ஏறி இறங்கியது. அதே படத்தில் ரேப்பின், திரும்பி வந்தவரின் முகத்தை மட்டும் 1888 வரை திருத்திக்கொண்டிருந்தார். வரைந்தவரே அவ்வளவு தயங்கிய இடத்தில் நமக்கு என்ன அவசரம்?

தலைப்பையும் கவனியுங்கள். தெகாவின் 'உள்ளறை'க்குப் 'பலாத்காரம்' என்ற பெயரும் வழங்குகிறது. அவர் அதை வெறும் 'நான் வரைந்த அன்றாட வாழ்க்கைக் காட்சிப் படம்' என்றே சொல்லிவந்தார். பெயர் யார் வைத்தது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
படம் பார்க்கக் கற்றுத்தருவோர் சிலர்