திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு உண்மை நிகழ்வுகளை வைத்து எடுத்த படங்களை மட்டுமே திரையிட்டோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எந்தப் படம் முடிந்தாலும் விவாதம் ஒரே இடத்தில்தான் போய் நின்றது: படம் நன்றாக இருந்தால் வரலாற்றுப் பிழையை விட்டுவிடலாமா?

‘பிரேவ்ஹார்ட்’ அன்று வாக்குவாதம் முற்றிவிட்டது. 1297இல் நடந்த ஸ்டர்லிங் பாலப் போரைக் காட்டுகிறார்கள், பாலம் இல்லை! ஆங்கிலப் படையில் ஒரு பகுதி மட்டும் அந்தக் குறுகலான பாலத்தைக் கடந்திருந்த நேரம் பார்த்துத் தாக்கியதால்தான் ஸ்காட்லாந்துப் படை வென்றது. எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் கோபம் வரவில்லை. ‘போட்டெம்கின்’ படத்தில், ஜார் கால ரஷ்யாவின் ஒடெசா நகரப் படிக்கட்டில் படையினர் மக்களைச் சுட, குழந்தை வண்டி தனியாக உருண்டு இறங்கும்போது அரங்கில் யாரும் அசையவில்லை. படிக்கட்டில் அப்படியொரு படுகொலை நடக்கவில்லை என்பதும், 1905இல் அந்த நகரில் மக்கள் சுடப்பட்டார்கள் என்பதும் இரண்டுமே உண்மை. அந்தக் கற்பனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

‘தி இமிட்டேஷன் கேம்’ அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீட்டை உடைக்க உழைத்த பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங், ஒரு சோவியத் உளவாளியைக் கண்டுபிடித்தும், மிரட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதாகக் காட்டுகிறது. அதற்கு ஆதாரமே கிடையாது, அந்த உளவாளி வேலை பார்த்த பிரிவே வேறு. தன்பாலின உறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்ட மனிதர், 1954இல் இறந்தும் போனார், 2013இல்தான் அரச மன்னிப்பு வந்தது. அடுத்த வருடமே, அவர் செய்யாத ஒரு துரோகத்தைப் படம் அவர் தலையில் கட்டுகிறது. அந்தத் திரைக்கதைக்குத்தான் ஆஸ்கர். நடிப்பு பிரமாதம் என்றார்கள் பலர், நானும் மறுக்கவில்லை. ஆனால் பதில் சொல்ல உயிரோடு இல்லாதவர் மேல், அவர் பெயரையே போட்டு, செய்யாத குற்றத்தைச் சுமத்த எந்தக் கலைக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஈரானில் சிக்கிய அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்ட கதையான ‘ஆர்கோ’வில் கனடாவின் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்று வருத்தம் எழுந்தபோது, இறுதியில் வரும் எழுத்தையாவது மாற்றினார்கள். சரி, நம்மால் முடிந்தது என்ன? அடுத்த ஆண்டு முதல் எது நடந்தது, எது கற்பனை என்று ஒரு பக்கத் தாள் கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. படம் முடிந்த பிறகுதான் கொடுப்போம், முதல்முறை பார்ப்பவர் படத்தைப் படமாகவே பார்க்கட்டும். முதல் தாளை நான் எழுதுகிறேன், சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.