வேம்பை வெட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தின் வேரால் பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. மரத்தை எடுத்துவிடலாம் என்கிறார் அந்த வீட்டு அண்ணாச்சி. அவர் பயம் நியாயமானதுதான். ஆனி, ஆடிக் காற்றில் கிளைகள் ஆடும்போது எனக்கே அடிவயிறு கலங்கும்.

சரி, வெட்டும் முன் மரத்தைப் பார்க்க வேண்டாமா? அடிமரம் பொந்தாகியிருக்கிறதா, புதிதாகச் சாய்கிறதா, தூரில் காளான் முளைத்திருக்கிறதா? எங்கள் மரத்தில் இதெல்லாம் இல்லை. தூரை ஒட்டிப் போட்ட சிமென்டை உடைத்து, வீட்டுப் பக்கம் நீளும் கிளைகளைக் கழித்து, வேர் வரும் இடத்தில் மட்டும் சுவரின் அடியைச் சற்று உயர்த்தி, வேருக்கு இடம் விட்டுக் கட்டினால் போதும். பெரிய வேரை வெட்டிவிட்டு மரத்தை விட்டுவைப்பதுதான் ஆபத்து. பிடிமானம் போய்ச் சாய்ந்துவிடும்.

தெருமரம் பொதுச் சொத்து. அதை வெட்டலாமா என்று பார்க்க ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அவர்கள் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும், அதுவரை அரிவாள் படக்கூடாது. சித்திரை வெயிலில் பதநீர் விற்கும் ஆச்சிக்கு அந்த நிழலை விட்டால் வேறு இடமில்லை.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை