எஞ்சின் பாகக் கடைக்குத் திமிங்கிலம் தேடி வரும் அழைப்புகள்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
வெளியிணைப்பு எஞ்சின் உதிரிப்பாகக் கடையும் திருத்துமிடமும்,
திருகோணமலை.

பெறுநர்:
பொது முகாமையாளர்,
இணையத்தள வடிவமைப்பு, தேடல் தரவரிசைச் சேவை நிறுவனம்,
கொழும்பு.

விடயம்: காசு வாங்கியும் செய்யாத வேலைகள், பிழையாகச் செய்த வேலைகள், எங்கள் கணக்குகளை ஒப்படைத்தல், மாதக் கட்டணத்தைத் திருப்பித் தருதல்

ஐயா,

கடந்த ஜனவரியில் உங்கள் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி, புதிய இணையத்தளத்துக்கு 85,000 ரூபாவும், அதைக் கூகுளில் மேலே கொண்டுவர பெப்ரவரியிலிருந்து மாதம் 25,000 ரூபாவும் கட்டினோம். மே வரைக்குமான பற்றுச்சீட்டுகள் கையில் இருக்கின்றன. ஜூன் மாதக் காசை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் என்று உங்கள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை போனில் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். அவரிடம் சொன்ன காரணங்களை இப்போது எழுத்தில் தருகிறேன்.

எங்களுடையது மீன்பிடி வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சினுக்குப் பாகம் விற்று, அதைத் திருத்தும் கடை. எங்களுக்கு என்ன தேவை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தோம். நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற சம்மாட்டிமாருக்கு, அதாவது வள்ளச் சொந்தக்காரர்களுக்கு, எங்கள் கடையைக் கூகுள் காட்ட வேண்டியதில்லை. அப்பா காலத்திலிருந்தே அவர்களுக்கு வழி தெரியும். தேடுகிறவர்கள் வேறு ஆட்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மேற்குக் கரையில் கடல் கொந்தளித்ததும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளத்தையும் எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு இங்கே வருவார்கள். கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டு செப்டம்பர் வரை தொழில் செய்வார்கள். ஊர் அவர்களுக்குப் பழக்கமில்லை. கடலில் எஞ்சின் சூடேறி நின்று, இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தால் முதலில் போனைத்தான் எடுப்பார்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தேடுவார்கள். இன்னொரு பக்கம் புல்மோட்டை ஆட்கள். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும், ஆகவே சாமான் இருக்கிறதா, கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மட்டுமே நாங்கள் உங்களிடம் வந்தோம்.

இப்போது எங்களைத் தேடி வருகிறவர்கள் யார் தெரியுமா? திமிங்கிலம் பார்க்க விரும்பும் சுற்றுலாப் பயணிகள்.

கூகுள் வரைபடத்தில் எங்கள் கடையின் முதன்மை வகையை உங்கள் ஆட்கள் 'படகுச் சுற்றுலா முகவர்' என்று மாற்றியிருக்கிறார்கள். கடைப் பெயருக்குப் பின்னால் 'திருகோணமலையின் சிறந்த படகுச் சேவை' என்று ஒரு வாலும் ஒட்டியிருக்கிறார்கள். மார்ச்சிலிருந்து காலை ஆறு மணிக்கே போன் அடிக்கிறது. படகு எத்தனை மணிக்கு, புறாத்தீவுக்கு ஆளுக்கு எவ்வளவு, திமிங்கிலம் கட்டாயம் தெரியுமா? கை முழுக்க கிரீஸோடு நிற்கிற என் தம்பி, இது எஞ்சின் திருத்துகிற இடம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்குகிறான். ஒரு வெளிநாட்டுத் தம்பதி உப்புவெளியிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து, துவாயும் தொப்பியுமாகக் கடை வாசலில் வந்தே இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நெல்லி ரசம் கொடுத்து, தெரிந்த படகுக்காரரிடம் அனுப்பி வைத்தோம். நல்ல மனிதர்கள், கோபப்படவில்லை. ஆனால் அன்று காலை குச்சவெளியிலிருந்து இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் சிறு சக்கரம்) தேடிய ஒருவருக்கு எங்கள் கடை கூகுளில் அகப்படவே இல்லை என்று பிறகு அவரே சொன்னார்.

உள்ளூர்த் தேடலில் யாரை முதலில் காட்டுவது என்பதை மூன்று விடயங்களை வைத்துத் தீர்மானிப்பதாகக் கூகுளே தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம். காசு கொடுத்து அந்த வரிசையை உயர்த்த முடியாது என்றும் அங்கேயே இருக்கிறது. தூரத்தை யாரும் மாற்ற முடியாது. அறியப்படுவதற்குக் காலம் எடுக்கும். கையில் இருப்பது பொருத்தம் ஒன்றுதான். சரியான வகை, சரியான நேரம், சரியான போன் இலக்கம், கடையின் உண்மையான படங்கள். ஒரு பின்னேரத்தில், சல்லி செலவில்லாமல் முடிகிற வேலை இது. அந்த ஒன்றைத்தான் கெடுத்திருக்கிறீர்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரைத் தவிர வேறு சொற்களைச் சேர்ப்பது கூகுளின் விதிக்கு மாறு. அதற்காகக் கடையின் பதிவையே முடக்கவும் கூடும். முடக்கினால் சீசன் நடுவில் நாங்கள்தான் காணாமல் போவோம்.

அடுத்தது இதைவிடப் பெரியது. என் மருமகள் வவுனியாவில் கணினி படிப்பிக்கிறாள். கூகுள் தேடலில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் எங்கள் தளத்தின் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். கூகுளிடம் எங்கள் பக்கங்கள் இருந்தால் அதில் வர வேண்டும். ஒரு பக்கம்கூட வரவில்லை. அப்புறம் பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்தாள். 'நோஇன்டெக்ஸ்' என்ற கட்டளை எல்லாப் பக்கத்திலும் அப்படியே கிடக்கிறது. இந்தப் பக்கத்தைத் தேடல் முடிவுகளில் சேர்க்காதே என்று கூகுளிடம் சொல்லும் கட்டளை அது. தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளில் 'வாசிப்பு' அமைப்புகளுக்குள் ஒரு பெட்டி இருக்கிறதாம். தளம் கட்டி முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக அதில் சரி போடுவார்களாம், திறக்கிற நாளில் எடுத்துவிட வேண்டுமாம். உங்கள் ஆட்கள் எடுக்கவில்லை. கடையைக் கட்டி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, கூட்டம் சேர்க்க என்று மாதாமாதம் காசு வாங்கியது போல இருக்கிறது இது. நாங்களே எடுக்கலாம் என்றால் நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றுவரை தரவில்லை.

அப்படியானால் ஏப்ரல் அறிக்கையில் 'முதலாம் இடம்' என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது எது? பார்த்தால், எங்கள் கடையின் பெயரையே தட்டித் தேடியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் வந்ததும் நீங்கள் கட்டிய தளம் இல்லை, என் தம்பி எப்போதோ திறந்து வைத்த பேஸ்புக் பக்கம். கடைப் பெயரைத் தெரிந்தவருக்குக் கடையைக் காட்டுவதற்கு மாதம் 25,000 ரூபாவா? '40 குதிரை வலு எஞ்சின் இம்பெல்லர் திருகோணமலை' என்று தேடினால் எங்கே நிற்கிறோம் என்று ஒரு வரி அறிக்கையில் இல்லை. 90 நாளில் முதலிடம் உத்தரவாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள் என்பது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் சொல்லும் அறிவுரை. அதை வாசிக்காமலா இந்தத் தொழில் செய்கிறீர்கள், அல்லது நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று நினைத்தீர்களா?

விலைச்சிட்டையில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்று ஒரு வரி மாதாமாதம் வருகிறது. பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை அடுக்கி வைக்கும் வேலையாம். இணையத் தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. அந்த ஆண்டு சேர்ந்த பயிலுனர் இப்போது உங்களிடம் மூத்த அதிகாரியாகக்கூட இருக்கலாம், அந்த வரி மட்டும் பட்டியலில் இருந்து போகவில்லை.

பேக்லிங்க் விடயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம். வேறு தளங்கள் நம்மைச் சுட்டினால் மதிப்பு என்பது சரிதான், 1998 இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கியதே அந்த யோசனையில்தான். ஆனால் நீங்கள் வாங்கித் தந்திருப்பவை சூதாட்டத் தளங்கள், ரஷ்ய மொழியில் ஏதோ மருந்துக் கடைகள். இப்படிக் காசுக்கு வாங்கும் இணைப்புகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்து எத்தனையோ தளங்களைக் கீழே தள்ளியது. எங்களுக்கு வேண்டியது ஐந்தாறு இணைப்புதான்: எஞ்சின் இறக்குமதி செய்பவரின் முகவர் பட்டியல், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பக்கம், வள்ளம் கட்டுகிற பைபர் பட்டறையின் தளம். இவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். கேட்டால் போடுவார்கள். அதை எங்களிடம் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை.

விமர்சனங்களும் அப்படித்தான். 'அருமையான பயணம், நட்பான மாலுமிகள்' என்று ஐந்து நட்சத்திரம் ஒரே கிழமையில் வரிசையாக வந்து விழுந்திருக்கிறது. எங்களிடம் மாலுமி யாரும் இல்லை. பொய் விமர்சனம் போடுவது கூகுளின் கொள்கைக்கு எதிரானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் ஊர் ஆட்கள் அதை வாசித்துச் சிரிக்கிறார்கள். கடையில் எஞ்சின் திருத்திக்கொண்டு போகிற மனிதரிடம், நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுதுங்கள் அண்ணை என்று கேட்டாலே போதும். பாதிப் பேர் எழுத மாட்டார்கள், எழுதுகிற மீதிப் பேர் எந்த எஞ்சின், என்ன கோளாறு என்று சேர்த்து எழுதுவார்கள். அந்தச் சொற்களைத்தான் அடுத்தவர் தேடுவார்.

தளத்தின் உள்ளே இருப்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் தந்த விலைப்பட்டியலை ஸ்கேன் செய்து ஒரே படமாக ஒட்டியிருக்கிறீர்கள். மெக்கானிக்குகள் பாகத்தின் இலக்கத்தை அப்படியே தட்டித்தான் தேடுவார்கள். கசங்கிய ஸ்கேனுக்குள் பொடி எழுத்தாகக் கிடக்கும் இலக்கத்தை நம்பி அந்தத் தேடலில் மேலே வர முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சிறு பக்கம், அதில் இலக்கம், எந்த எஞ்சினுக்குப் பொருந்தும், கையிருப்பில் உண்டா என்பதெல்லாம் எழுத்தாக இருக்க வேண்டும். இருக்கிற பக்கங்களுக்கோ எல்லாவற்றுக்கும் தலைப்பு 'முகப்பு' என்றே இருக்கிறது. தேடல் முடிவில் நீல எழுத்தில் பெரும்பாலும் தெரிவது அந்தத் தலைப்புத்தான். பிளக்குக்கும் முகப்பு, காபரேற்றருக்கும் முகப்பு என்றால் எவன் அழுத்துவான்?

முகப்பில் ஓடுகிற உல்லாசப் படகுப் படங்கள் ஒவ்வொன்றும் பல மெகாபைட். பக்கத்தில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வாடியில் ஒரு கோடு சிக்னலில் அந்தப் படகு பாதி தெரிவதற்குள் ஆள் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார். எங்கள் கடை மேசையில் பாகங்களைப் பரப்பி வைத்து நாங்கள் எடுத்தனுப்பிய படங்கள் எங்கே? சிங்களப் பக்கம் கேட்டதற்கு மொழிபெயர்ப்புப் பொத்தான் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அது பார்ப்பவரின் திரையில் மொழியை மாற்றுவதோடு சரி. கூகுள் எடுத்து வைத்துக்கொள்ளச் சிங்களத்தில் ஒரு பக்கம் அங்கே இல்லை. நீர்கொழும்புக்காரர் அவருடைய மொழியில் தேடினால் எங்களை எப்படிக் காண்பார்? எங்கள் கடையில் வேலை செய்யும் பையனே நல்ல சிங்களத்தில் எழுதித் தருவான், ஒட்டினால் போதும்.

பாதுகாப்புப் பூட்டு அடையாளம் போட்டிருக்கிறீர்கள், போனில் எழுத்து அளவாகத் தெரிகிறது. அவை சரி. அதனால்தான் தளம் கட்டிய 85,000 ரூபாவை நான் கேட்கவில்லை.

கேட்பது இவை. முதலில், டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும். கூகுள் வரைபடப் பதிவின் முதன்மை உரிமையும், சேர்ச் கொன்சோல் (தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கணக்கு) உரிமையும், தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லும் எங்களிடம் வர வேண்டும். இதில் பேரம் இல்லை, இவை எங்கள் சொத்து. ஒப்படைப்பதற்கு முன் 'நோஇன்டெக்ஸ்' கட்டளையை எடுத்து, கடையின் வகையையும் பெயரையும் பழையபடி ஆக்கி, நீங்கள் போடுவித்த விமர்சனங்களை நீக்கி, வாங்கிய இணைப்புகளின் முழுப் பட்டியலையும் எழுத்தில் தாருங்கள். பெப்ரவரி முதல் மே வரை கட்டிய 100,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள், ஏனென்றால் அந்த நான்கு மாதமும் தளம் கூகுளில் இருக்கவே இல்லை. ஜூன் விலைச்சிட்டையை ரத்துச் செய்யுங்கள். தலைப்புகளையும் பாகப் பக்கங்களையும் சிங்களப் பக்கத்தையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வகை மாறும்வரை, திமிங்கிலம் கேட்டு வரும் அழைப்புகளுக்கு உங்கள் அலுவலக இலக்கத்தைக் கொடுக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் வேண்டாம். வராவிட்டால் ஒப்பந்தப் பிரதி, பற்றுச்சீட்டுகள், போன், கணினித் திரையைப் பிடித்த படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்பேன். அவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்